செல்வி சார்ஜ் போடாத போன்

ஏலே ஐயா,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அன்பு எங்கும் போய்விடவில்லை, இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்து நிற்கிறது. அதை ஒதுக்கிவிட்டு அன்பை முன்னால் கொண்டுவர எனக்கு இப்போது தெம்பில்லை. உன் கல்யாண அழைப்பிதழ் கட்டுகள் மேசையில் இருக்கின்றன. உன் அப்பா தன் பிரஸ்ஸில் தானே நின்று அச்சடித்தது, மை வாசம் இன்னும் போகவில்லை. அந்தக் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் மீட்டிங் என்கிறாய். மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. அதனால் கடிதம். அதையும் எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். நீ கையெழுத்துப் போட்ட அறிக்கை பட்டாசு ஆலை, அதிகாரிகள், உன் கம்பெனி மேலிடம் என்று ஊரெல்லாம் சுற்றுகிறது. அதற்கான பதிலை மட்டும் நான் ஏன் உன் காதில் கிசுகிசுக்க வேண்டும்?

உனக்கு எல்லாம் தெரியும். ஆனால் மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். பட்டாசு ஆலையில் நெருப்புக்கு அடுத்தபடியாக எல்லோரும் பயப்படுவது இடிக்கு. மேகம் இடிக்க ஆரம்பித்தால் கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். அதற்காகத்தான் நானும் என்னோடு இரண்டு பேரும் சிவகாசியில் ஒரு காகிதக் கடைக்கு மேல் இருந்த அறையில் உட்கார்ந்து ஒரு பெட்டி செய்தோம். மின்னலுக்கு முன்னால் காற்றில் ஏறும் மின்சாரத்தைப் பார்த்து, ஆலையின் சைரன் அறையில் இருந்தபடியே விளக்கு காட்டும், ஆபீசுக்கும் நெட்வொர்க் வழியாகச் சேதி அனுப்பும். ஆலைப் பெண்கள் அதற்கு வைத்த பெயர் இடிப்பெட்டி. அதற்குள் ஓடும் நெட்வொர்க் டிரைவரை, அதாவது பெட்டியின் மூளைக்கும் அந்த நெட்வொர்க் கேபிளுக்கும் நடுவில் நின்று சேதியை வாங்கிக் கொடுக்கும் நிரலை, எழுதியவள் நான். டிரைவர் எழுதுகிறாள் என்று சொன்னால், லாரி டிரைவருக்கு எதற்கு இவள் லெட்டர் எழுதுகிறாள் என்று உன் பெரியப்பா வீட்டில் கேட்டார்களே, அதே நிரல்தான். பிறகு பெங்களூர் கம்பெனி ஒன்று எங்கள் பெட்டியை வாங்கியது. நீயும் படித்து முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாய். என் நிரல் உன் கைக்கு வந்தது. அன்றைக்கு நான் தெருவெல்லாம் மிக்சர் பொட்டலம் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா?

வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கிற ஆலையில், ஆவணி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிற நேரம். காய வைக்கிற மேடையில் சரக்கு பரப்பிக் கிடந்தது. சைரன் அறையில் உட்கார்ந்திருந்தவள் செல்வி. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தால் பயமில்லை, சிவப்பு எரிந்தால் சைரன், விளக்கே அணைந்துபோனால் பெட்டி செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அப்போதும் சைரன். இந்த மூன்றையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அன்றைக்கு விளக்கு பச்சையாகவே எரிந்தது. இடி மேடைக்குப் பக்கத்து வேம்பில் இறங்கியது. மேடைச் சரக்கு அத்தனையும் போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை, அது யார் செய்த புண்ணியமோ. ஓடிய பெண்களில் ஒருத்திக்கு முதுகு வெந்துவிட்டது. இன்னும் ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்துக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் செல்வி நம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை. கதவுக்கு வெளியே நின்றபடியே ஒரு காகிதத்தை நீட்டினாள். உன் கம்பெனி ஆலைக்கு அனுப்பிய அறிக்கையின் நகல். அதில் ஒரு இடத்தில், ஆபரேட்டர் தன் மொபைல் போனுக்குச் சார்ஜ் போடுவதற்காகப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியதால் பெட்டி இயங்கவில்லை என்றும், விளக்கு எரிந்ததாக அவர் சொல்வது நம்பத்தகுந்ததாக இல்லை என்றும் எழுதியிருந்தது. அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வருகிற புதன்கிழமை விசாரணை.

“அக்கா, நீங்களே சொல்லுங்க. போனு கேட்ல வாங்கி வச்சுக்கிருவாகள்ல. நான் எப்பிடிக்கா உள்ள சார்ஜ் போட முடியும்?” என்றாள். அழவில்லை. அவளுக்கும் என்னைப்போல் கோபம்தான். “கருத்துக்கிட்டு வாரதப் பாத்தேன்க்கா. எந்திரிச்சேன். வெளக்கு பச்சையா இருந்துச்சு. போன மாசம் இப்பிடித்தான் நானா சைரன அமுக்கி, மழையும் வராம இடியும் வராம, அம்புட்டுப் பேரு வேலையும் கெட்டுப்போச்சுன்னு மேனேசர் வஞ்சாரு. பெட்டி சொல்லட்டும்னு உக்காந்தேன். அந்தப் பாவி வெளக்கு கடைசி வரைக்கும் பச்சையாவே எரிஞ்சுச்சுக்கா.”

அதற்குப் பிறகுதான் அந்த அறிக்கையின் கீழே பார்த்தேன். உன் கையெழுத்து. ஒன்றாம் வகுப்பில் உன் பெயரை எழுத நான் கை பிடித்துக் கற்றுக்கொடுத்தபோது, கடைசி எழுத்தின் வாலை நீட்டி விடுவாய். இன்னும் அப்படியேதான் நீட்டுகிறாய். செல்வி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது யார் கையெழுத்து என்று தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறாள்.

பெங்களூரில் குளுகுளு அறையில் உட்கார்ந்து அதை எழுதியவனுக்கு, பட்டாசு ஆலை கேட்டில் போனை வாங்கிவிடுவார்கள் என்பது தெரியாமல் இருக்கலாம். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. நீ யார்? விருதுநகர் ஆஸ்பத்திரியில் பிறந்து சிவகாசித் தெருவில் வளர்ந்தவன். பள்ளிக்கூட லீவுக்கு என்னோடு எத்தனை ஆலைக்கு வந்திருப்பாய். கேட்டில் உன் விளையாட்டுக் காரைக்கூட பேட்டரி இருக்கிறது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள், நீ திரும்பி வரும்வரை உம்மென்று இருந்தாய். அந்த வரியைப் படித்ததும் இது பொய் என்று உனக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்கள் தெரியாமல் போட்ட கையெழுத்து வேறு. நீ தெரிந்தே போட்டாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, பெட்டி ஏன் வாயடைத்துப்போனது என்று பார்ப்போம். இதுவும் மற்றவர்களுக்காகத்தான், உனக்குத் தெரிந்ததுதான். பெட்டிக்குள் இருக்கிற கெர்னல், அதாவது மற்ற நிரல்களையெல்லாம் மேய்க்கிற தலைமை நிரல், ஒரே சமயத்தில் நூறு வேலை பார்க்கிற மாதிரித் தெரியும். உண்மையில் ஆளாளுக்கு வந்து தட்டிக் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கிறது. நெட்வொர்க் கார்டு, சேதி வந்திருக்கிறது என்று தட்டும். கடிகாரம், நேரமாகிவிட்டது என்று தட்டும். இந்தத் தட்டலுக்குத்தான் இன்டரப்ட் என்று பெயர். ஆனால் சில வேலைகளுக்கு நடுவில் யாரும் தட்டக் கூடாது. அப்போது கெர்னல், கொஞ்ச நேரம் யாரும் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று கதவைச் சாத்திக்கொள்ளும். அந்தச் சாத்திய கதவுக்குள் டிரைவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் விஷயமே.

அதை எழுதும்போது என் மனசில் இருந்தது ஆலையில் மருந்து கலக்கும் அறை. உள்ளே ஆள் இருந்தால் வெளியிலிருந்து யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். திடுக்கிட்டுத் திரும்பினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரி உள்ளே போகிறவருக்கும் சில கட்டுப்பாடு உண்டு. வேண்டியதை முன்கூட்டியே அளந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், உள்ளே நின்றுகொண்டு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கக் கூடாது. யாருக்காகவும் எதற்காகவும் அங்கே காத்து நிற்கக் கூடாது. சிந்தியதை அங்கேயே உட்கார்ந்து துப்புரவு செய்துகொண்டிருக்காமல், ஒதுக்கி வைத்துவிட்டு வெளியே வந்தபிறகு பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சமாகச் செய், சீக்கிரம் வெளியே வா. டிரைவருக்கும் இதேதான். கதவு சாத்தியிருக்கும்போது தூங்காதே. அடுத்தவன் கையில் இருக்கிற பூட்டுக்காகக் காத்து நிற்காதே. சேதி அனுப்பத் தேவைப்படும் இடத்தை முன்னாலேயே ஒதுக்கி வை. அனுப்பி முடித்த பொட்டலத்தை அங்கேயே கலைத்துக்கொண்டு உட்காராதே, ஒரு ஓரமாக வரிசையில் வை, கதவு திறந்தபிறகு கலைக்கலாம். கார்டு வந்து தட்டாது என்பதால் நீயே போய், ஏதாவது வந்ததா, போனதா என்று எட்டிப் பார்த்துக்கொள்.

இன்னொன்றும் உண்டு, அதை நான் உன் அப்பாவின் விரலிலிருந்து தெரிந்துகொண்டேன். உனக்குப் பத்து வயது இருக்கும். பிரஸ்ஸில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அப்பா ரோலருக்குள் கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பேக்கிங் பக்கத்து ஆள் டியூப்லைட் மாற்ற வந்தார். அவரும் சுவிட்சைக் கீழே அழுத்தினார், அது ஏற்கெனவே கீழேதான் இருந்தது, அவர் பார்க்கவில்லை. டியூப்பை மாற்றினார். வேலை முடிந்தது என்று சுவிட்சை மேலே தள்ளிவிட்டுப் போனார். அப்பாவின் நடுவிரல் நுனி போனது. அந்த ஆள் பெரிய தப்பு ஒன்றும் செய்ததாக நினைக்கவில்லை. தான் அணைத்ததைத் தானே போட்டேன் என்றுதான் சொன்னார். நான் அன்றைக்கு ராத்திரி முழுக்க அப்பாவைத் திட்டினேன், மறுநாள் உட்கார்ந்து என் டிரைவரைத் திருத்தினேன். உள்ளே வரும்போது கதவு எப்படி இருந்தது என்று பார்த்துக் குறித்துக்கொள், போகும்போது அதே மாதிரி விட்டுவிட்டுப் போ. சாத்தியிருந்த கதவை நீ திறந்துவிட்டுப் போனால், உனக்கு முன்னால் சாத்தியவனின் கை உள்ளே இருக்கும். இதை நீ கல்லூரியில் படிக்கும்போது உன்னிடம் சொன்னேன். ‘அம்மா, அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கு’ என்றாய். புத்தகத்தில் இருக்கிறதுதான். அப்பாவின் விரல் அதில் இல்லை.

நான் எழுதிய அந்த இடத்தை நீ கெடுக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நீ செய்தது வேறு. டிரைவர், அனுப்பும் வரிசையைப் பூட்டிக்கொண்டு, கதவையும் சாத்திக்கொண்டு உள்ளே நிற்கிறது. சேதிகள் அதிகமானால் வரிசை நிரம்பிவிடும். அந்த இடத்தில், வரிசை நிரம்பிவிட்டது என்று ஒரு லாக், அதாவது ஒரு பதிவுக் குறிப்பு, எழுதும்படி ஒரு வரி சேர்த்தாய். அந்த லாக் எங்கே போக வேண்டும்? நெட்வொர்க் வழியாக ஆலை ஆபீசுக்கு. நெட்வொர்க் வழியாகப் போவதற்கு யாரிடம் வர வேண்டும்? அதே டிரைவரிடம், அதே வரிசைக்கு, அதே பூட்டுக்கு. சாவி யார் கையில்? அங்கே நிற்கிற அதே ஆளின் கையில். சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டு, சாவிக்காரன் எப்போது வருவான் என்று வாசலைப் பார்த்து நிற்கிற ஆளை என்ன சொல்வது? கதவு வேறு சாத்தியாயிற்று, யாரும் தட்டி எழுப்பவும் முடியாது. பெட்டி அப்படியே நின்றுவிட்டது. விளக்கு கடைசியாக எந்த நிறத்தில் எரிந்ததோ அதே நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. பெட்டி இப்படி நின்றுபோனால் தானாக மறுபடி கிளப்பிவிடுகிற காவல் ஏற்பாடு ஒன்றை நான் வைத்திருந்தேன். அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது என்று யாரோ புகார் சொன்னதாக அதையும் நீங்கள் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் லேபில் இது ஏன் தெரியவில்லை? உங்கள் மேசையில் பெட்டிக்குப் பக்கத்தில் லேப்டாப் இருக்கும். தனி வயர் வைத்து லாக்கைப் பார்ப்பீர்கள். அது நெட்வொர்க் பக்கமே போகாது, அதனால் பூட்டும் சிக்காது. இங்கே லேப்டாப்பைக் கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போக யார் விடுவார்கள்? அதனால்தான் லாக்கை நெட்வொர்க் வழியாகவே ஆபீசுக்கு வரவழைக்கும் ஏற்பாட்டைச் செய்தோம். உலகத்தில் எத்தனையோ இடத்தில் இந்தப் பெட்டி ஓடலாம், இங்கே மட்டும்தான் எல்லாப் பெட்டியிலும் லாக் அந்த வழியில் போகிறது. இடி மேகம் நெருங்க நெருங்கச் சேதிகள் குவியும், வரிசை நிரம்பும், அப்போதுதான் உன் வரி ஓடும். அதாவது என்றைக்குப் பெட்டி வாயைத் திறக்க வேண்டுமோ, சரியாக அன்றைக்குத்தான் அதற்கு வாய் அடைக்கும். நான் ஆலையில் கேட்டு, மாற்றுக்கு வைத்திருந்த உதிரிப் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்து, லாக்கை நெட்வொர்க்கில் விட்டு, சேதிகளை வெள்ளமாக அனுப்பினேன். நின்றுபோனது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அப்பா சாப்பிட உட்கார்ந்தவர் கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தப்பு வந்ததற்கு நான் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். டிரைவர் எழுதுகிற யாருக்கும் தப்பு வரும். எனக்கும் வந்திருக்கிறது, இதைவிட அசட்டுத்தனமாக. உடனே உனக்குப் போன் போட்டேன். உனக்குத் தெரியாமல் இருக்கும், சொன்னால் பதறிப்போய்ச் சரிசெய்வாய் என்று நினைத்தேன். எவ்வளவு பைத்தியக்காரி நான். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறுத்தால் மறுத்துக்கொள்.

“ம்மா, அது எங்களுக்கு எப்பவோ தெரியும்மா. அடுத்த ரிலீஸ்ல பேட்ச் போயிரும். தீபாவளி முடியட்டும்.”

“அப்ப அந்த அறிக்கை?”

“அது ஒரு பார்மாலிட்டிம்மா. மேல இருந்து டிராப்ட் வந்துச்சு. நான் போடலேன்னா இன்னொருத்தன் போடுவான்.”

“செல்வி போனை உள்ள கொண்டு போகலடா.”

பிறகு சொன்னாய். “அந்த அக்காவுக்கு வேற எங்கயாச்சும் வேலை கெடைக்கும்லம்மா.”

ஏலே, உன்னைப் பெற்று வளர்த்த இத்தனை வருஷத்தில் உன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று நான் நினைத்ததில்லை. இடிக்குச் சைரன் கொடுக்காமல் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தவள் என்று பெயர் வாங்கியவளுக்கு, இந்த விஸ்வநத்தத்திலும் வெம்பக்கோட்டையிலும் எந்தக் கேட்டில் வேலை கொடுப்பார்கள்? முதுகு வெந்து கிடக்கிறவளின் சொந்தக்காரர்கள் செல்வி வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் உனக்குப் பார்மாலிட்டியா? இன்னொருத்தன் போடுவான் என்றாயே, போட்டிருக்கட்டுமே. அவன் போட்டிருந்தால் அவன் அம்மா எழுதட்டும் அவனுக்கு.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது, அதை யோசித்தாயா? பழி செல்வி மேல் இருக்கிறவரை பெட்டி நல்ல பெட்டி. நல்ல பெட்டியை யார் திருத்துவார்கள்? நம்மைச் சுற்றி இருக்கிற அத்தனை ஆலையிலும் உன் வரி இருக்கிற பெட்டிகள் இந்த நிமிஷம் பச்சையாக எரிந்துகொண்டிருக்கின்றன. இது புரட்டாசி. தினமும் சாயங்காலம் மேற்கே இடிக்கிறது. நான் மொட்டை மாடிக்குப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒவ்வொரு சைரன் அறையிலும் ஒரு செல்வி விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எந்திரிக்கலாமா வேண்டாமா என்று. தீபாவளி முடியட்டும் என்கிறாய். தீபாவளிக்கு முன்னால்தானடா இவர்கள் மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்! புதிய நிரல் தயாராகும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், லாக் நெட்வொர்க்கில் போவதை நிறுத்திவிட்டால் போதும், உன் வரி யாரையும் பூட்டாது. ஆலைகளுக்கு ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த அறிவிப்பு போனால் அறிக்கை பொய் என்று ஆகிவிடும். அதனால்தானே வாயைத் திறக்கவில்லை?

அப்பா என்னிடம், “இங்க பாரு, கல்யாணம் முடியட்டும். பொண்ணு வீட்டுக்காரக காதுக்குப் போனா என்ன நெனைப்பாக? பெறகு மெதுவா சொல்லிக்கிருவோம்” என்றார். அவர் சுபாவம் அது. விரல் போனபோதே அந்த டியூப்லைட் ஆளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தவர். நான் கேட்டேன், பெண் வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கிறீர்களே, செல்வி வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று யோசித்தீர்களா என்று. அவர் எழுந்து பிரஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் பெண் வீட்டுக்கும் ஒளிக்கப் போவதில்லை. உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பெண், நீ எதில் கையெழுத்துப் போடுவாய் எதில் போட மாட்டாய் என்று தெரிந்துகொண்டு வரட்டும். அவளும் வேலைக்குப் போகிற பெண்தான். அவள் மேல் யாராவது இப்படி எழுதினால் நீ என்ன செய்வாய்?

நேற்று அந்த ஆலைக்கு மறுபடி போனேன். கேட்டில் வாட்ச்மேன் என் போனை வாங்கி மரத்தட்டில் வைத்தார். எண் போட்ட சின்னச் சின்ன அறைகள், உனக்கு ஞாபகம் இருக்கும். அதில் செல்வியின் எண் போட்ட அறை காலியாக இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார். “அன்னைக்கு அந்தப் புள்ள போனு இங்கனதான் தாயி அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. பொகையப் பாத்துட்டு அது வீட்டுக்காரன் சாத்தூர் ரோட்டுல இருந்து கூப்பிட்டிருக்கான். நான் எடுத்துப் பேசலாமா கூடாதான்னு தெரியாம நின்னேன். அது உசுரோட இருக்கான்னு எனக்கே தெரியாதே, என்னன்னு சொல்ல? அடிச்சு அடிச்சு ஓஞ்சு, திருப்பி அடிச்சுச்சு.”

அறிக்கையின்படி அந்தப் போன் அப்போது சைரன் அறையில் சார்ஜில் இருந்திருக்க வேண்டும். அது கேட்டில், ஒரு மரத்தட்டில், ஒருவன் தன் பெண்டாட்டி இருக்கிறாளா போய்விட்டாளா என்று தவித்துத் தவித்துக் கூப்பிட, அடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. நான் அங்கேயே நின்று அழுதேன். வாட்ச்மேன் ஸ்டூலை இழுத்துப் போட்டார். இதை விசாரணையில் சொல்வீர்களா என்று கேட்டதற்கு, “சொல்லுவேன் தாயி. ஆனா பெங்களூரு கம்பெனி தாளு பெருசா, என் வாயி பெருசா?” என்றார். அவர் கேட்டது சரிதான். அந்தத் தாளை வெல்ல அதே தாளில் கையெழுத்துப் போட்ட ஆள் வேண்டும்.

நான் அந்த டிரைவரை எழுதியபோது ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். பெட்டிக்குள் எல்லாம் சாத்திக் கிடந்தாலும், யாரும் வந்து தட்ட முடியாத நிலையிலும், ஒரே ஒரு சேதியாவது வெளியே போய்விட வேண்டும், எனக்கு ஏதோ ஆகிவிட்டது, ஆட்களை வெளியேற்றுங்கள் என்று. மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் பரவாயில்லை. உன்னிடமும் நான் இப்போது கேட்பது அவ்வளவுதான். உனக்கு மேலே ஆட்கள் இருப்பார்கள், பதவி உயர்வு இருக்கும், வீட்டுக் கடன் இருக்கும், கல்யாணம் இருக்கும், எல்லாப் பக்கமும் சாத்தியிருக்கும். எனக்குத் தெரியாததா? அத்தனைக்கும் நடுவிலிருந்து ஒரு சேதி வெளியே வர வேண்டும். நான் கையெழுத்துப் போட்டது தவறு, பெட்டி நின்றது எங்கள் நிரலால், செல்வி பிளக்கைத் தொடவில்லை. இதை எழுதி உன் கம்பெனிக்கும் ஆலைக்கும் அனுப்பு. வேலை போனால் வீட்டுக்கு வா. அப்பாவின் பிரஸ்ஸில் இடமிருக்கிறது, என் மேசையிலும் இருக்கிறது.

அழைப்பிதழ் இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. சாமிக்கு வைத்த பிறகு முதல் தாம்பூலம் செல்வி வீட்டுக்குத்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். நானோ அப்பாவோ போக மாட்டோம். மாப்பிள்ளை தன் கையால் வெற்றிலை பாக்கு வைத்து, அவள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து அழைக்க வேண்டும். அதற்கு உனக்கு முகம் இருக்கும்படி செய்துகொள். அதுவரை இந்தக் கட்டுகள் இந்த மேசையை விட்டு நகராது. நாள் குறித்தாயிற்றே என்று யாராவது கேட்டால், மாப்பிள்ளையைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

புதன்கிழமை காலையில் நானும் செல்வியும் பஸ்ஸில் வெம்பக்கோட்டைக்குப் போகிறோம். உதிரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவேன். விசாரணை கேட்டுக்கு உள்ளே, ஆபீஸ் அறையில். உள்ளே போனால் உனக்கு எதிராகத்தான் நான் பேச வேண்டியிருக்கும், பேசுவேன், குரல் நடுங்கினாலும் பேசுவேன். கேட்டில் என் போனை வாங்கி அந்த மரத்தட்டில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நீ எத்தனை தடவை கூப்பிட்டாலும் அது அங்கனயே அடித்துக்கொண்டு கிடக்கும், எனக்குக் கேட்காது.

அதற்கு முன்னால் கூப்பிடு, ராசா.

அம்மா